அடுப்பு அணைந்த பிறகும் வேகும் கோழிச் சூப்

வேலைக்குப் போய் வரும் எமது பெண்களிடம் ஒரு நாளில் மிகவும் களைப்பான நேரம் எது என்று கேட்டுப் பாருங்கள். வயலில் நிற்கும் மத்தியானம் என்றோ, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் மணித்தியாலங்கள் என்றோ அநேகமானோர் சொல்வதில்லை. மாலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரையான நேரத்தையே சொல்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்குபவர், தோட்டத்தில் நாட்கூலிக்கு நின்றவர், சந்தையில் மரக்கறி விற்றவர், கடையில் கணக்கு எழுதுபவர் என எல்லோருக்கும் வீட்டில் இரண்டாவது வேலைநாள் அப்போதுதான் தொடங்குகிறது. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிகிறது. அரிசி போட வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், கிணற்றில் குளிக்க வேண்டும், பிள்ளையின் கொப்பியைப் பார்க்க வேண்டும். சோறும் கறியும் இறக்கும்போது சின்னப்பிள்ளை பாயில் நித்திரையாகிவிடும்.

தாய்க்கு உதவிக்கு ஆளில்லாத வீட்டில் இந்த மூன்று மணித்தியாலத்தின் பாதிப் பாரம் மூத்த பெண்பிள்ளையின் மேல் விழுகிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி காண்பது இது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை அடுப்படியில் குந்தியிருக்கும், தம்பி விளக்கடியில் படித்துக்கொண்டிருப்பான். தாய் வேண்டுமென்று செய்வதல்ல இது. வேறு வழி இல்லை என்பதால் நடப்பது. ஆனால் பரீட்சை முடிவு வரும்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "அவளுக்குப் படிப்பு ஏறேல்லை" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

ஆகவே சூப் வைப்பது பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால் சிரிக்க வேண்டாம். சூப் என்பதிலும் பார்க்க, அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒன்றரை மணித்தியாலத்தை எப்படி மீட்பது என்பதே இங்கே விடயம்.

லண்டனிலிருந்து வந்த பானை

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு சகோதரி பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். லண்டனிலிருந்து லீவில் வந்த மைத்துனி விட்டுவிட்டுப் போன மின்சாரப் பானை அது. "இதுக்கு ஸ்லோ குக்கர் எண்டு பேராம் மிஸ். காலமை கோழியையும் தண்ணியையும் போட்டுட்டுப் போனா, பின்னேரம் வரேக்க சூப்பாம். உண்மையே?" என்று கேட்டார். பானை கைமாறிக் கைமாறிச் சபையைச் சுற்றி வந்தது. உள்ளே கனமான பீங்கான் சட்டி, வெளியே சூடாக்கும் உறை, ஒரு கண்ணாடி மூடி. அவ்வளவுதான்.

உண்மைதான். இந்தப் பானை கொதிக்க வைத்துச் சமைப்பதில்லை. கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே, ஒரே அளவான சூட்டில், ஏழெட்டு மணித்தியாலம் வைத்திருந்து இறைச்சியை மெதுவாக மசிய விடுகிறது. அமெரிக்காவில் சிக்காகோ நகரைச் சேர்ந்த இர்விங் நக்ஸன் என்பவர் இதற்கு 1940 இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தாய் லித்துவேனியாவிலிருந்து வந்தவர். அங்கே யூதக் குடும்பங்கள் தங்கள் ஓய்வு நாளான சனிக்கிழமையில் அடுப்பு மூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரையும் இறைச்சியும் போட்ட பானையை ஊர்ப் பேக்கரியின் போறணையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பாண் சுட்டு முடித்த போறணையில் தங்கியிருக்கும் சூட்டிலேயே அது விடிய விடிய வெந்துவிடும். தாய் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் மகனுக்கு யோசனை பிறந்தது. 1971 இல் வேறொரு கம்பனி இதை 'குரொக் பொட்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டபோது அமெரிக்காவில் பெண்கள் பெருந்தொகையாக வெளியில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். விற்பனை சூடு பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். லண்டன், ஜேர்மனி, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் வாங்கிய பானை எமது 230 வோல்ற் மின்சாரத்துக்கு ஒத்துவரும், பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாங்கியது 120 வோல்ற்றுக்குச் செய்தது. அதை நேரே இங்கே செருகினால் எரிந்துபோகும். அன்பாக அனுப்பும் பொருள் ஒரே நாளில் குப்பைக்குப் போக வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செலவைப் பார்த்தால், எட்டு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு யூனிற் வரை மின்சாரம் எடுக்கும். மாதத்தில் நாலைந்து முறை என்றால் பெரிதாகத் தெரியாது. நாளாந்தம் என்றால் பில்லில் தெரியும்.

ஆனால் எமது வீடுகளில் எத்தனை பேரிடம் இந்தப் பானை இருக்கிறது? வயரிங் சரியில்லாத வீடுகள் உண்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பல்புக்கு மட்டும் இழுத்த வீடுகள் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், அதே வருடம் ஒரு காஸ் சிலிண்டரின் விலை 4,800 ரூபாவையும் தாண்டியதையும், காசு இருந்தாலும் வரிசையில் நின்றும் கிடைக்காமல் திரும்பியதையும் நாங்கள் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் பட்டினங்களில் உள்ளவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். எமது கிராமங்களில் பலர் விறகை விட்டதே இல்லை.

பேக்கரிப் போறணையை இன்னொருமுறை நினைத்துப் பாருங்கள். அங்கே மின்சாரம் இல்லை. எரியும் நெருப்பும் இல்லை. ஏற்கனவே ஏற்றிய சூடு வெளியே போகாமல் இருந்தது, அவ்வளவுதான். அதை வைக்கோலாலும் செய்யலாம்.

வைக்கோல் பெட்டி

கொதிக்கும் பானையை இறக்கி, சுற்றிவர வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து மூடினால், உள்ளே இருப்பது தொடர்ந்து வேகும். இது புதிய கண்டுபிடிப்பல்ல. இரண்டு உலக யுத்தங்களின்போதும் எரிபொருள் தட்டுப்பாடாக இருந்த பிரித்தானியாவில் பெண்கள் இப்படிச் சமைத்தார்கள். தென்னாபிரிக்காவில் சாரா கொலின்ஸ் என்ற பெண் 2008 இல் இதே தத்துவத்தில் மெத்தை போன்ற ஒரு துணிப்பையைச் செய்து பரப்பினார். நாங்கள் சோற்றுப் பானையைப் பழைய போர்வையால் சுற்றி வைக்கிறோம், சுடுதண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைக்கிறோம். அதன் அடுத்த படிதான் இது.

"பிரஷர் குக்கர் இருந்தா அரை மணித்தியாலத்தில முடியுமே" என்று கேட்கலாம். இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மாவின் வீட்டில் புத்தம்புதிய குக்கர் பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேல் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது கூவிறதுக்கு முதல் ஸ்ஸ் எண்டு ஒரு சத்தம் வருமெல்லோ பிள்ளை, அது எனக்கு ஏலாது. நெஞ்சு அடைக்குது" என்றார். 2009 ஐக் கடந்து வந்தவருக்கு அந்தச் சத்தம் எதை நினைவூட்டும் என்று நான் மேலே கேட்கவில்லை. அவர் மட்டுமல்ல, வேறும் சிலர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் காஸ் அடுப்புகள் வெடித்ததாகச் செய்தி வந்த பிறகு காஸ் மீதும் பயம் ஏற்பட்டது. வைக்கோல் பெட்டி சத்தம் போடாது. பார்த்துக்கொண்டு நிற்கவும் தேவையில்லை. இடுப்பிலும் காலிலும் இன்னும் சன்னத் துண்டுகளோடு வாழ்பவர்களுக்கு, அடுப்பின் முன் குந்தியிருக்கும் நேரம் குறைவதே பெரிய விடயம்.

பெட்டியைச் செய்யும் முறை இதுதான். ஒரு பெரிய மரப்பெட்டி, தடித்த காட்போட் பெட்டி, அல்லது பனையோலைக் கடகம் ஒன்றை எடுங்கள். பானையை உள்ளே வைத்தால் அடியிலும் நாலு பக்கமும் குறைந்தது நாலு அங்குல இடைவெளி இருக்கவேண்டும். நன்றாகக் காய்ந்த வைக்கோலை அடியில் அமத்திப் பரப்பி, நடுவில் பானையை வைத்து, சுற்றிவர இறுக்கி அடையுங்கள். பிறகு பானையை மெல்ல எடுத்தால் குருவிக்கூடு போல ஒரு குழி கிடைக்கும். அதற்குள் பழைய பருத்திச் சேலைத் துண்டை விரித்துவிட்டால் வைக்கோல் சாப்பாட்டில் விழாது. மேலே மூட, பழைய தலையணை உறைக்குள் வைக்கோலோ உமியோ நிரப்பித் தைத்த தடித்த மெத்தை ஒன்று வேண்டும். சூடு மேலே எழும் என்பதால் இந்த மெத்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். அதற்கு மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு கல். பூனையும் நாயும் திறக்காது. மீன் வரும் ரெஜிபோம் பெட்டி கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் கொதிபானை நேரே பட்டால் அது இளகிவிடும். இடையில் வைக்கோலும் துணியும் கட்டாயம்.

விறகடுப்பில் சமைப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பானையின் அடியில் கரியோடு சின்னச் சின்ன நெருப்புப் பொறிகள் ஒட்டியிருக்கும். அப்படியே வைக்கோலுக்குள் வைத்தால் தீப்பிடிக்கும். இறக்கியவுடன் ஈரச் சாக்கில் பானையின் அடியை ஒருமுறை ஒற்றித் துடைத்துவிட்டே உள்ளே வையுங்கள். பெட்டியும் அடுப்புக்குத் தள்ளி, வேறொரு மூலையில் இருக்கட்டும்.

கோழியும் சரக்கும்

இனிச் சூப். ஐந்து பேருக்கு ஒரு கிலோ கோழி போதும். முழுக்கோழி வாங்க வேண்டுமென்றில்லை. கழுத்து, முதுகெலும்பு, கால் என்று மலிவாக விற்பவைதான் சூப்புக்கு ருசி. மெதுவான சூட்டில் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு கரைந்து சாற்றைத் தடிப்பாக்கும். நெஞ்சுச் சதை மட்டும் போட்டால் சாறு தண்ணியாகத்தான் இருக்கும். வாழ்வாதாரத் திட்டங்களில் கோழி பெற்று வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. முட்டையிட்டு ஓய்ந்த பேட்டுக்கோழியை வியாபாரிக்கு அரைவிலைக்குக் கொடுக்கிறோம், இறைச்சி முறுக்கு என்பதால். அந்த முறுக்கு இறைச்சிக்காகவே செய்தது போன்றது இந்த முறை.

சரக்கு எமக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்ற தாய்க்குக் கோழிக் குஞ்சு போட்டுச் சரக்குத்தண்ணி வைத்துக் கொடுத்த கைகள் எங்களுடையவை. மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, நற்சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஒரு சிறு துண்டு வேர்க்கொம்பு, கொஞ்சம் மஞ்சள். வறுக்காமல் குத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மடங்காகக் குத்திப் போத்தலில் போட்டு வைத்தால் கிழமை நாட்களில் உரலைத் தேட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மிளகைப் பாதியாக்குங்கள்.

மூடி இறுக்கமான பானையில், ஒரேயளவான சிறு துண்டுகளாக வெட்டிய கோழி, தட்டிய உள்ளி பத்துப் பல்லு, ஒரு கைபிடி சின்ன வெங்காயம், இரண்டு தக்காளிப்பழம், கரட் அல்லது பூசணி, இரண்டு உருளைக்கிழங்கு, கறிவேப்பிலை, ஒரு கைபிடி மைசூர்ப் பருப்பு, ஒரு கைபிடி சிவப்புப் பச்சையரிசி, குத்திய சரக்கு, உப்பு எல்லாவற்றையும் போட்டு இரண்டரை லீற்றர் தண்ணீர் விடுங்கள். அடுப்பில் வைப்பதிலும் பார்க்கத் தண்ணீர் குறைவாகத் தெரியும். பெட்டிக்குள் ஆவியாகி வற்றாது என்பதால் அது காணும். பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கவேண்டும். பாதிப் பானை சீக்கிரம் ஆறிவிடும்.

நன்றாகக் கொதிக்க வைத்து நுரையை அகற்றி, மூடியைப் போட்டு, கடைக்கோழி என்றால் மேலும் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஓய்ந்த ஊர்க்கோழி என்றால் நாற்பது நிமிடமாவது வேண்டும். துண்டின் நடுவும் சூடேறியிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த நேரம். இதைக் குறைக்காதீர்கள். பிறகு மூடியைத் திறந்து பார்க்காமல் அப்படியே இறக்கி, அடியைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அடுப்பை அணையுங்கள். கடைக்கோழிக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலம், ஊர்க்கோழிக்கு மூன்று மணித்தியாலம். எடுத்த பின் ஒரு கை முருங்கை இலையைப் போட்டு மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து இறக்குங்கள். தேங்காய்ப்பால் விரும்புபவர்கள் இந்தக் கட்டத்தில் விடலாம், முன்னரே விட்டால் பழுதாகும். தேசிக்காய்ப்புளி கோப்பையில்.

காலையில் வைத்துவிட்டுப் போகலாமா?

கூட்டத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். மின்சாரப் பானையில் வைக்கலாம், அது சூட்டை விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். வைக்கோல் பெட்டியில் வைக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வைக்கோல் சூட்டைப் பிடித்து வைத்திருக்குமே தவிரப் புதிதாகச் சூடு தராது. இறைச்சிச் சாப்பாடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. காலை ஐந்தரைக்கு மூடி மாலை ஆறரைக்குத் திறக்கும் கோழிச் சூப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். நாலு மணித்தியாலம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும், பானை கை வைக்க முடியாத சூட்டில் இருக்கவேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ கோழியைக் கொட்டச் சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அப்படியென்றால் கிழமை நாளில் என்ன இலாபம்? கணக்கைப் பாருங்கள். ஐந்தரைக்கு வீடு வந்தால், முதல் வேலையாகப் பானையை ஏற்றுங்கள். ஆறு மணிக்குச் சற்றுப் பிந்திப் பெட்டிக்குள் போய்விடும். அடுப்பும் அணைந்துவிடும். எட்டு மணிக்குச் சாப்பாடு. இடையில் கிடைக்கும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலமும் அடுப்படியில் ஒருவரும் நிற்கத் தேவையில்லை. தாயும் நிற்க வேண்டாம், மகளும் நிற்க வேண்டாம். அரிசியும் பருப்பும் சூப்புக்குள்ளேயே இருப்பதால் வேறு சோறு கறி தேவையில்லை. பாண் இருந்தால் தொட்டுச் சாப்பிடலாம். விறகும் மிச்சம், புகையும் குறைவு. வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020 இல் உலகம் முழுவதும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எமது அடுப்படிகளில் இருமும் அம்மாக்களை நினைத்தால் அந்தக் கணக்கு தூரத்து நாட்டுக் கணக்காகத் தெரியவில்லை.

வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் இன்னும் வசதி. பின்னேரம் நாலு மணிக்கு அவர் கொதிக்க வைத்துப் பெட்டிக்குள் இறக்கிவிட்டால், நீங்கள் வரும்போது வெந்திருக்கும். ஆனால் நாலு லீற்றர் கொதிபானையை வயதானவரோ, ஒரு கை இயலாதவரோ தனியே தூக்கக்கூடாது. இரண்டு சின்னப் பானைகளாகப் பிரித்தால் சீக்கிரம் ஆறிவிடும், அதுவும் சரிவராது. பெட்டியை அடுப்பின் உயரத்துக்கு ஒரு வாங்கில் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து இறக்குவதே வழி. பதினைந்து வயது மகன் இருந்தால் இது அவனுடைய வேலையாக இருக்கட்டும். தங்கச்சியின் வேலையல்ல.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும், அது அகப்பையில். சூப்பைப் பரிமாறும்போது சதையும் கிழங்கும் பிள்ளைகளின் கோப்பைக்கும், மேலே மிதக்கும் தண்ணி தாயின் கோப்பைக்கும் போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். "எனக்குச் சாறு காணும்" என்பார்கள். சாற்றில் ருசி இருக்கிறது, சூடு இருக்கிறது, ஆனால் உடம்பைக் கட்டும் புரதத்தின் பெரும்பகுதி இறைச்சியிலும் பருப்பிலும்தான் இருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர் நீங்கள். பானையை அடிவரை கலக்கி, ஐந்து கோப்பைகளையும் வரிசையாக வைத்து, உங்களுடையதையும் மற்றவர்களுடையதோடு சேர்த்தே வாருங்கள். கடைசியில் மிஞ்சுவதைப் பார்ப்போம் என்றால் மிஞ்சாது.

பெட்டி செய்த வீடுகளுக்குச் சில கிழமைகள் கழித்துப் போனபோது வேறு கதைகளும் கேட்டேன். ஒருவருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பேச்சு வந்திருக்கிறது. "பொழுதுபடுற நேரம் புகை இல்லை, அடுப்புக்க பூனை படுக்குதோ?" என்று. புருஷன் இல்லாத வீடென்றால் புகை வந்தாலும் கதை, வராவிட்டாலும் கதை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பைச் சூப்பை வேலிக்கு மேலால் நீட்டினாராம். இப்போது அந்த வீட்டிலும் ஒரு கடகம் இருக்கிறது. வேறொருவர், மகள் கணக்குச் செய்யும்போது பக்கத்தில் இருக்க முடிகிறது என்றார், தனக்குக் கணக்கு விளங்காவிட்டாலும். இன்னொருவரிடம் அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஒண்டும் செய்யிறேல்லை தங்கச்சி. திண்ணையில சும்மா இருக்கிறன்" என்றார். சும்மா இருந்து எத்தனை வருடமென்று அவருக்கே நினைவில்லை.

கஞ்சியும் இந்த முறையில் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம், அரிசிக்குப் பத்து நிமிடக் கொதியும் ஒரு மணித்தியாலப் பெட்டியும் போதும். கஞ்சி மணத்தையே தாங்க முடியாது, அந்த மே மாதம் நினைவுக்கு வருகிறது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சூப்பில் அரிசியை விட்டுவிட்டு இரண்டு கைபிடி பயறு போடட்டும். மத்தியானமே ஊற வைத்த பயறு கோழியோடு சேர்ந்து வெந்துவிடும். மீனுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை, அது அடுப்பிலேயே பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மாட்டிறைச்சி, ஆட்டெலும்புக்கு ஊர்க்கோழியின் கணக்கு.

வைக்கோலை மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நல்ல வெயிலில் உதறிக் காயவிடுங்கள். சாறு ஊற்றுப்பட்ட பகுதியை எறிந்துவிட்டுப் புதிது அடையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும். மாரி தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த வைக்கோல் கிடைப்பது கஷ்டம். சிறுபோக அறுவடை முடிந்தவுடன் ஒரு உரபாக் நிறைய எடுத்து, எலி புகாத இடத்தில் கட்டித் தொங்கவிட்டு வையுங்கள்.